அலர்ஜி மாத்திரைக்கு அடங்காத அமிலம்

ஹிஸ்டமினின் இரண்டாவது ஏற்பி பிடிபட்ட வரலாறு: ஒரு நிகழ்வு ஆய்வு

இரண்டாம் ஆண்டு மருத்துவ மாணவர்களுக்கு, உடலின் செல்கள் விடுவிக்கும் தூதுப்பொருளான ஹிஸ்டமின் பற்றிப் பாடம் எடுக்கும்போது, ஏறக்குறைய எல்லா வருஷமும் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். போன வருஷம் கேட்டவள் கடைசி பெஞ்சில் இருந்த ஒரு மாணவி.

"மேடம், ஹிஸ்டமின்தான் வயித்துல ஆசிட் சுரக்க வைக்குதுன்னு சொல்றீங்க. செட்ரிசினும் ஹிஸ்டமினைத் தடுக்கிற மாத்திரைதானே? அப்ப அல்சருக்குச் செட்ரிசினையே குடுக்கலாமே?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நின்ற இடத்தில்தான் 1937 முதல் 1972 வரை மருந்தியல் துறையே நின்றுகொண்டிருந்தது. தும்மலையும் தடிப்பையும் அடக்கும் மாத்திரை, அதே ஹிஸ்டமின் தூண்டும் இரைப்பை அமிலத்தை ஏன் ஒரு துளிகூடக் குறைப்பதில்லை? முப்பத்தைந்து வருஷம் கழித்துக் கிடைத்த விடை, அல்சர் வைத்தியத்தை அறுவை அரங்கிலிருந்து மருந்துக்கடைக்கு மாற்றியது. இரைப்பைக்குள் யார் யாருக்குக் கட்டளையிடுகிறார்கள் என்பதையும் அதுதான் முதன்முதலில் தெளிவாகக் காட்டியது. இந்த நிகழ்வை நான் விரிவாக எழுத ஒரு காரணம் உண்டு. இதன் முக்கியமான தடயம் எங்கும் ஒளிந்திருக்கவில்லை. மருத்துவமனை வார்டுகளில் அன்றாடம் கையில் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். தடயம் என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தூண்டுபவர்கள் மூவர்

இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் என்று லண்டனில் வில்லியம் பிரௌட் நிறுவியது 1824-ல். அது எதனால் சுரக்கிறது என்பதற்கு அடுத்த நூறு வருஷத்தில் மூன்று பதில்கள் வந்தன. மூன்றுமே சரி. குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் பதில் நரம்பு. ரஷ்யாவில் இவான் பாவ்லவ், நாயின் உணவுக்குழாயைக் கழுத்தருகே வெட்டி வெளியே திறந்துவைத்தார். நாய் மென்று விழுங்கும் இறைச்சி கழுத்து வழியே கீழே விழுந்துவிடும், இரைப்பைக்குப் போகாது. ஆனாலும் சில நிமிஷங்களில் இரைப்பையில் அமிலச் சாறு ஊறிவிடும். வேகஸ் நரம்பை வெட்டிவிட்டால் ஊறாது. பசித்த நேரத்தில் தாளிக்கிற வாசனை வந்தாலே நம் வயிற்றில் நடப்பதும் இதுதான். செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. வேகஸின் முனை விடுவிக்கும் பொருள் அசிட்டைல்கோலின் என்பது பிற்பாடு தெரிந்தது.

இரண்டாவது பதில் ரத்தம். 1905-ல் லண்டனில் ஜான் எட்கின்ஸ், இரைப்பையின் கீழ்முனையான ஆன்ட்ரம் பகுதியின் உள்சவ்வை அரைத்து, அந்தச் சாற்றைப் பூனையின் நாளத்தில் செலுத்தினார். அமிலம் சுரந்தது. அந்தப் பொருளுக்குக் கேஸ்ட்ரின் என்று பெயர் வைத்தார். நரம்பின் உதவியே இல்லாமல், ரத்தத்தில் மிதந்து வந்து வேலை செய்யும் ஹார்மோன்.

மூன்றாவது பதில் 1916-ல், முதல் உலகப்போரின் நடுவே, இன்று உக்ரைனில் லிவிவ் என்று வழங்கும் ஊரில் கிடைத்தது. பாவ்லவிடம் பயின்ற லியோன் போபியெல்ஸ்கி, இரைப்பையில் குழாய் பொருத்திய நாய்க்கு 32 மில்லிகிராம் ஹிஸ்டமினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டார். ஐந்தரை மணி நேரத்தில் 937.5 மில்லிலிட்டர் அமிலச் சாறு வந்தது. ஒரு நாயிடமிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர்! வேகஸை வெட்டினாலும், வேகஸின் கட்டளையைத் தடுக்கும் அட்ரோபின் மருந்தைக் கொடுத்தாலும் இந்தச் சுரப்பு நிற்கவில்லை. போர் காரணமாக அந்தக் கட்டுரை 1920-ல்தான் அச்சேறியது.

அதுவரை ஹிஸ்டமின் என்றால் ரத்த அழுத்தத்தைச் சரித்து மூச்சுக்குழாயை இறுக்கும் நச்சு என்றுதான் மதிப்பு. அது செரிமானத்தின் பங்காளி என்று நம்பப் பலருக்கு மனம் வரவில்லை. நிலைமை இன்னும் மோசமானது. உடலின் எந்தத் திசுவை அரைத்தாலும் அந்தச் சாற்றில் கொஞ்சம் ஹிஸ்டமின் இருக்கும் என்று தெரியவந்ததும், எட்கின்ஸ் கண்ட கேஸ்ட்ரினே வெறும் ஹிஸ்டமின் கலப்படம்தான் என்று பலர் முடிவுகட்டினார்கள். 1938-ல் மாண்ட்ரியலில் கொமரோவ், ஹிஸ்டமினைச் சுத்தமாக நீக்கிய ஆன்ட்ரம் சாறும் அமிலத்தைத் தூண்டுகிறது என்று காட்டிய பிறகே கேஸ்ட்ரினுக்கு மறுவாழ்வு கிடைத்தது. 1964-ல் லிவர்பூலில் கிரெகரியும் டிரேசியும் பன்றியின் ஆன்ட்ரத்திலிருந்து அதைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்கள். 17 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னச் சங்கிலி அது. எட்கின்ஸின் கேஸ்ட்ரின் உண்மையான பொருள்தான் என்று முழுதாக நிரூபணமாக 59 வருஷம் ஆகியிருந்தது.

ஆக, மூவரும் உண்மை. ஆனால் மூவரும் தனித்தனியாகக் கட்டளையிடுகிறார்களா, ஒருவர் மூலமாக ஒருவர் பேசுகிறார்களா? யாருக்கும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழி, மூவரில் ஒருவரை மட்டும் வாயடைத்துவிட்டு மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது. ஹிஸ்டமினை வாயடைக்கும் மருந்துகளோ 1937 முதலே கையில் இருந்தன. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே தொடங்கிவைத்த வரிசை அது. 1940-களில் மெபிரமின் போன்ற மருந்துகள் அரிப்பு, தும்மல், தடிப்புக்கு உலகமெங்கும் விற்பனையாயின.

அவற்றை அமிலச் சுரப்பிலும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மாற்றமும் இல்லை.

வார்டில் கிடந்த தடயம்

1953-ல் கிளாஸ்கோவின் அறுவை நிபுணர் ஆண்ட்ரூ கே ஒரு பரிசோதனையை முறைப்படுத்தினார். ஒருவருடைய இரைப்பை உச்சகட்டமாக எவ்வளவு அமிலம் சுரக்கும் என்று அளக்கும் முறை அது. அல்சருக்கு எவ்வளவு பெரிய அறுவை தேவை என்று தீர்மானிக்க உதவியது.

அது நடக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். நோயாளி இரவு முழுக்கப் பட்டினி. காலையில் மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் இறக்கி, அங்கே தேங்கியிருப்பதை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பிறகு தூண்டுதல் ஏதுமின்றி ஊறும் சாற்றைச் சேகரிப்பார்கள். அடுத்து மெபிரமின் ஊசி. அது ஏறுவதற்கு நேரம் கொடுத்துவிட்டு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.04 மில்லிகிராம் கணக்கில் ஹிஸ்டமின் ஊசி. சாதாரணமாக அவ்வளவு ஹிஸ்டமின் உள்ளே போனால் ஆள் தாங்க மாட்டார். முகம் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி வலித்து, ரத்த அழுத்தம் இறங்கி, மூச்சு முட்டும். மெபிரமின் முன்கூட்டியே போயிருப்பதால் இந்தத் தொல்லைகள் பெருமளவு அடங்கிவிடும். அமிலம் மட்டும் தன் பாட்டுக்குக் கொட்டும். கால் மணிக்கொரு தரம் உறிஞ்சி, புட்டிகளில் பிரித்து, காரம் சேர்த்து அளப்பார்கள்.

இந்தப் பரிசோதனை பல நாடுகளுக்குப் பரவியது. அதைச் செய்த ஒவ்வொரு மருத்துவரும், ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்து ஹிஸ்டமினின் எல்லா வேலையையும் தடுக்கவில்லை என்ற உண்மையைத் தன் கையாலேயே நோயாளிக்குள் ஊசியாக ஏற்றிக்கொண்டிருந்தார். பரிசோதனை நடப்பதற்கே அந்த உண்மைதான் ஆதாரம். அதை வசதியாக எடுத்துக்கொண்டவர்கள் பலர். அது ஏன் அப்படி என்று விடாமல் துரத்தியவர்கள் மிகச் சிலர். ஸ்வீடனில் ஃபோல்கோவ் குழுவினர் 1948-லேயே, ரத்தக்குழாய்களை வைத்து, ஹிஸ்டமினுக்கு இரண்டு வகை ஏற்பிகள், அதாவது அது வந்து பொருந்தும் செல்லின் பூட்டுகள், இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கருத்தைக் கையிலெடுக்க அப்போது ஆளில்லை.

அந்த மருத்துவர்களை நான் குறைசொல்லவில்லை. பாடம் எடுக்கும்போது, "அட்ரோபின் கொடுத்தால் வாய் உலரும்" என்று நானும் வருஷக்கணக்கில் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துபோகிறேன். ஒரு மருந்து தன் வேலையைச் செய்யாத இடத்தில் நின்று யோசிப்பதற்கு வேறொரு பழக்கம் வேண்டும்.

ஜேம்ஸ் பிளாக்கின் ஊகம்

அந்தப் பழக்கம் ஜேம்ஸ் பிளாக்கிடம் இருந்தது. ஸ்காட்லாந்துக்காரர். 1950-களில் கிளாஸ்கோ கால்நடை மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தபோதே இரைப்பைச் சுரப்பில் கைவைத்தவர். பிறகு இம்பீரியல் கெமிக்கல் நிறுவனத்துக்குப் போய், இதயத்துக்கான புரோபிரனலாலை உருவாக்கினார்.

அந்த வேலையின் பின்னணி இங்கே முக்கியம். அட்ரினலினைத் தடுக்கும் பழைய மருந்துகள் ரத்தக்குழாயில் அதன் வேலையைத் தடுத்தன, இதயத் துடிப்பில் தடுக்கவில்லை. 1948-ல் அமெரிக்காவில் ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலினுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பிகள் உண்டு என்று விளக்கினார். பிளாக் அந்த விளக்கத்தை நம்பி, பீட்டாவை மட்டும் அடைக்கும் மருந்தைச் செய்துகாட்டினார். அப்படிப்பட்டவர் ஹிஸ்டமினைப் பார்த்தபோது என்ன தோன்றியிருக்கும்? அதே கதை! பழைய மருந்து சில இடத்தில் தடுக்கிறது, சில இடத்தில் தடுக்கவில்லை. அப்படியானால் இதற்கும் இரண்டாவது ஏற்பி இருக்க வேண்டும்.

1964-ல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டியில் இருந்த ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் ஆய்வுக்கூடத்தில் அந்த வேட்டை தொடங்கியது. ஹிஸ்டமின் வேலை செய்தும் மெபிரமின் தடுக்காத இடங்கள் மூன்று என்று எடுத்துக்கொண்டார்கள்: இரைப்பை அமிலம், கினிப்பன்றியின் இதய மேலறைத் துடிப்பு, எலியின் கருப்பைத் தசை. 1966-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆஷும் ஷில்டும், மெபிரமினுக்குக் கட்டுப்படும் ஏற்பிக்கு எச்-1 என்று பெயர் சூட்டினார்கள். மிச்சத்துக்குப் பெயர் வைக்கவில்லை. அதைத் தடுக்கும் பொருள் ஒன்று கிடைத்தால்தானே அது உண்டென்று சொல்ல முடியும்.

ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை அளந்த முறையில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று இருக்கிறது. மயக்கிவைத்த எலியின் உணவுக்குழாய் வழியாக மிக நீர்த்த காரக் கரைசலை ஒரே சீராகச் செலுத்துவார்கள். அது இரைப்பையைக் கழுவிக்கொண்டு மறுமுனையில் வெளியே வந்து, அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மின்முனையைத் தொட்டுப் போகும். உள்ளே அமிலம் கூடினால் கோடு ஒரு பக்கம் சாயும், குறைந்தால் மறுபக்கம் சாயும். நிமிஷத்துக்கு நிமிஷம் கண்ணால் பார்க்கலாம். இந்த முறையை 1958-ல் ஷில்டுடன் சேர்ந்து உருவாக்கியவர் எம்.என். கோஷ். பின்னாளில் புதுச்சேரி ஜிப்மரில் மருந்தியல் பேராசிரியராக இருந்தவர் அவரேதான். "கோஷ் - ஷில்ட் எலி" என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்துவிட்டுப் போகும் நம் மாணவர்களுக்கு இது தெரிய வேண்டும் என்று நான் எப்போதும் ஆசைப்படுவேன்.

எலி தயார், அளவி தயார், ஊகமும் தயார். மருந்துதான் கிடைக்கவில்லை. நாலு வருஷத்தில் சுமார் 200 சேர்மங்களைச் செய்து பார்த்தார்கள். ஒன்றுகூடத் தடுக்கவில்லை.

தடுமாற்றத்துக்குக் காரணம் பழைய பாதை. மெபிரமின் வகை மருந்துகளைச் செய்தவர்கள் ஹிஸ்டமினின் வால்பகுதியைப் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு, தலைப்பகுதியான இமிடசோல் வளையத்தை மாற்றியிருந்தார்கள். எச்-1-க்கு அது பலித்தது. இந்த இரண்டாவது பூட்டுக்கோ தலைதான் அடையாளம். ராபின் கேனலினும் கிரகாம் டியூரன்டும் அடங்கிய வேதியியல் குழு, தலையை அப்படியே வைத்து வாலை மாற்றும் வழிக்குத் திரும்பியது. 1968-ல் முதல் வெளிச்சம் கிடைத்தது. ஹிஸ்டமினின் வாலில் குவானிடின் என்ற வேதித்தொகுதியைச் சேர்த்த ஒரு சேர்மம், ஹிஸ்டமினின் வேலையைக் கொஞ்சம் தடுத்தது. அது அவர்கள் முன்பே செய்து ஒதுக்கிவைத்த சேர்மம்தான். அதுவே சிறிதளவு அமிலத்தைத் தூண்டும் குணம் கொண்டதால், அதன் தடுக்கும் குணம் முதல் சோதனைகளில் கண்ணுக்குப் படவில்லை. பாதி சாவி, பாதி தாழ்ப்பாள்.

அதிலிருந்து தூண்டும் பாதியைக் கழித்து, தடுக்கும் பாதியை வளர்க்க வேண்டும். வாலை நீட்டினார்கள். மின்னேற்றம் கொண்ட குவானிடினை எடுத்துவிட்டு, மின்னேற்றம் இல்லாத தயோயூரியாவை வைத்தார்கள். சுமார் 700 சேர்மங்களுக்குப் பிறகு பியூரிமமைடு பிறந்தது. 1972-ல் நேச்சர் இதழில் பிளாக், டங்கன், டியூரன்ட், கேனலின், பார்சன்ஸ் ஐவரும் எச்-2 ஏற்பியை உலகுக்கு அறிவித்தார்கள்.

சான்று எவ்வளவு வலுவானது?

ஒரு மருந்து அமிலத்தைக் குறைத்தது என்பதால் மட்டும் புது ஏற்பி உண்டென்று ஆகிவிடாது. செல்லையே நோகடித்தும் அமிலம் குறையலாம். 1972 கட்டுரையை இன்றும் மாணவர்களுக்கு நான் படித்துக்காட்டுவதற்குக் காரணம், அந்தச் சந்தேகத்தை அவர்கள் இரண்டு பக்கமும் அடைத்த விதம்.

ஒரு பக்கம், தூண்டும் பொருட்கள். ஹிஸ்டமினின் வளையத்தில் இரண்டாம் இடத்தில் ஒரு மெத்தில் ஒட்டினால், அது குடல் தசையை இறுக்கும் (மெபிரமினுக்குக் கட்டுப்படும் எச்-1 வேலை இது), அமிலத்தை அவ்வளவாகத் தொடாது. நாலாம் இடத்தில் ஒட்டினால் நேர்மாறு. அமிலமும் இதயத் துடிப்பும் கூடும், குடல் தசை அசையாது. ஒரே மூலக்கூறின் இரு வேலைகள் இப்படித் தனித்தனியாகப் பிரிந்தன. மறுபக்கம், தடுக்கும் பொருட்கள். பியூரிமமைடு அமிலத்தையும் இதய மேலறைத் துடிப்பையும் தடுத்தது, குடல் தசையை விட்டுவிட்டது. மெபிரமின் இதற்கு நேரெதிர். ஹிஸ்டமினால் வரும் ரத்த அழுத்தச் சரிவை முழுதாகத் தடுக்க இரண்டு மருந்தும் சேர்ந்தே தேவைப்பட்டன. ரத்தக்குழாயில் இரண்டு ஏற்பிகளும் இருப்பதே காரணம். 1948-ல் ஸ்வீடன்காரர்கள் ஊகித்ததும் அதுதான்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய முடிவு இன்னொன்று. பியூரிமமைடு, கேஸ்ட்ரின் தூண்டிய அமிலத்தையும் குறைத்தது. பென்டாகேஸ்ட்ரின் என்ற செயற்கை வடிவத்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோதும் அதேதான். கேஸ்ட்ரினின் ஏற்பியைத் தொடாத மருந்து, கேஸ்ட்ரினின் கட்டளையை எப்படி முடக்கியது? கேஸ்ட்ரின் பெருமளவுக்கு ஹிஸ்டமின் வழியாகத்தான் பேசுகிறது என்றால்தான் இது பொருந்தும். மூவரில் ஒருவரை வாயடைத்துப் பார்க்க வேண்டும் என்று முப்பத்தைந்து வருஷமாகக் காத்திருந்த சோதனை நடந்தேவிட்டது.

மருந்தாக அது கடைக்கு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பியூரிமமைடு வாய்வழியாகக் கொடுத்தால் சரியாக உறிஞ்சப்படவில்லை. அடுத்து வந்த மெட்டியாமைடு வீரியமானது, அல்சரை ஆற்றியது. ஆனால் சில நோயாளிகளுக்கு ரத்த வெள்ளணுக்கள் சரிந்தன. தயோயூரியாதான் காரணமாக இருக்கும் என்று கருதி, அந்த இடத்தில் சயனோகுவானிடினை வைத்தார்கள். அதுதான் சிமெடிடின். 1976 நவம்பரில் பிரிட்டனிலும் 1977-ல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. 1981-ல் ரானிடிடின் தொடர்ந்தது. 1988-ல் பிளாக்குக்கு நோபல் பரிசு. அதற்கு முன் ஆறாத அல்சர் என்றால் வேகஸை வெட்டுவதும் இரைப்பையில் ஒரு பாகத்தை அறுத்தெடுப்பதும் வழக்கமான வைத்தியங்கள். அந்த அறுவைகள் வேகமாகக் குறைந்தன. மருந்தை நிறுத்தினால் பலருக்கு அல்சர் திரும்பி வந்தது ஏன் என்பது, பெர்த் நகரில் வாரனும் மார்ஷலும் 1982-ல் ஹெலிகோபேக்டர் கிருமியை வளர்த்துக் காட்டிய பிறகே விளங்கியது. அது வேறொரு நிகழ்வு ஆய்வுக்கு உரியது.

செல்லுக்குள் என்ன நடக்கிறது

இனி இன்று தெரிந்த படத்தை வைத்துப் பழைய புதிரைப் பார்க்கலாம்.

அமிலத்தைச் சுரப்பது இரைப்பையின் மேல், நடுப் பகுதிகளில் உள்ள பாரைட்டல் செல். சும்மா இருக்கும் நேரத்தில் அதன் அமில பம்புகள் செல்லுக்குள்ளே சின்னச் சின்னப் பைகளில் மடித்துவைத்த மாதிரி கிடக்கும். கட்டளை வந்ததும் அந்தப் பைகள் செல்லின் வாய்க்கால் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும். சுவரின் பரப்பு பல மடங்கு விரியும். பம்புகள் ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளி ஒரு பொட்டாசியம் அயனியை உள்ளே இழுக்கும். வெளியே வரும் சாற்றின் பிஎச் 1-க்கும் கீழே போகலாம். ரத்தத்தில் உள்ளதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் செறிவு! இதற்குச் செலவாகும் ஆற்றலுக்காகவே செல்லின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாவால் நிறைந்திருக்கிறது.

இந்தச் செல்லின் மேல் மூன்று கதவுகள் உண்டு. ஹிஸ்டமினுக்கு எச்-2, அசிட்டைல்கோலினுக்கு எம்-3, கேஸ்ட்ரினுக்கு சிசிகே-2. எச்-2 திறந்தால் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற உள்தூதுப்பொருள் ஏறும். மற்ற இரண்டும் கால்சியத்தை ஏற்றும். 1978-ல் ஆண்ட்ரூ சோல், நாயின் பாரைட்டல் செல்களைத் தனியே பிரித்து வைத்துச் சோதித்தார். மூன்று தூண்டுதலுக்கும் தனித்தனிக் கதவு இருப்பது அதில் தெரிந்தது. ஹிஸ்டமினோடு மற்றொன்று சேரும்போது, இரண்டையும் கூட்டினால் வரும் அளவைவிட அதிகமாகச் செல் வேலை செய்வதும் தெரிந்தது.

இதை வைத்து ஒரு தரப்பு, "பார்த்தீர்களா, ஹிஸ்டமின் கடைசித் தூதர் அல்ல, மூவரும் நேரடியாகத்தான் பேசுகிறார்கள்" என்றது. கதவுகள் மூன்று என்பது உண்மைதான். ஆனால் பாரைட்டல் செல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு செல் இருக்கிறது. பெயர் நீளம் என்பதால் ஈசிஎல் செல் என்பார்கள். ஹிஸ்டமினைச் செய்து சேமித்து வைக்கும் களஞ்சியம் அது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஹோகன்சன் குழுவினர் எலிகளில் பல வருஷம் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கேஸ்ட்ரின் முதலில் போய்த் தட்டுவது இந்தச் செல்லின் கதவைத்தான். ஈசிஎல் செல் ஹிஸ்டமினை விடுவிக்கும், அது அருகிலிருக்கும் பாரைட்டல் செல்லின் எச்-2 கதவைத் திறக்கும். எச்-2 ஏற்பியே இல்லாமல் பிறக்கவைத்த சுண்டெலிகளைப் பற்றி 2000-ல் ஒரு ஆய்வு வந்தது. அவற்றில் அசிட்டைல்கோலின் போன்ற மருந்து அமிலத்தைத் தூண்டியது. கேஸ்ட்ரின் தூண்டவில்லை. இந்த ஒரு முடிவுக்குப் பிறகு, கேஸ்ட்ரினின் பிரதான வழி ஹிஸ்டமின்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேகஸுக்கு மட்டும் நேர்வழி ஒன்று உண்டு.

கேஸ்ட்ரினின் பயணத்தைக் கரும்பலகையில் வரையும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் வியப்பாக இருக்கும். அது பிறப்பது இரைப்பையின் கீழ்முனையில். போக வேண்டிய இடம் அதே இரைப்பையில் சில விரற்கடை மேலே. ஆனால் அது அந்தச் சில விரற்கடையை நேராகக் கடப்பதில்லை. ரத்தத்தில் ஏறி, கல்லீரல் வழியாக இதயத்துக்குப் போய், நுரையீரலைச் சுற்றி, மறுபடி இதயம் வந்து, பெருந்தமனி வழியாக இரைப்பைக்குத் திரும்புகிறது. ஹிஸ்டமினோ பக்கத்துவீட்டுக்குக் குரல்கொடுக்கிற மாதிரி, செல்லிலிருந்து செல்லுக்கு.

கேஸ்ட்ரினை விடுவிக்கத் தூண்டுபவை புரதம் சிதைந்து வரும் அமினோ அமிலங்கள், இரைப்பை விரிவது, வேகஸ். அல்சர்காரர்களுக்கு மணிக்கொருமுறை பால் கொடுத்த பழைய வைத்தியம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பால் அந்த நிமிஷத்துக்கு அமிலத்தைத் தணிக்கும். ஆனால் அதிலுள்ள புரதமும் கால்சியமும் அடுத்த சுற்று அமிலத்தைத் தூண்டும் என்பதை 1976-ல் அளந்தே காட்டினார்கள். காபியும் தூண்டும், கஃபீன் நீக்கிய காபியும் தூண்டும்.

பிரேக்கும் உண்டு. ஆன்ட்ரத்தில் அமிலம் கூடி பிஎச் 3-க்குக் கீழே இறங்கினால், அங்கிருக்கும் டி செல்கள் சொமாட்டோஸ்டேட்டின் என்ற ஹார்மோனை விடுவித்துக் கேஸ்ட்ரினை அடக்கும். அமிலமே அமிலத்துக்குக் கடிவாளம். கடிவாளத்துக்கு அடங்காமல் கேஸ்ட்ரின் கொட்டினால் என்ன ஆகும் என்பதை 1955-ல் ஒஹையோவில் ஸாலிஞ்சரும் எலிசனும் இரண்டு நோயாளிகளிடம் கண்டார்கள். கணையத்தில் கட்டி, அளவற்ற அமிலம், அறுவை செய்தும் மறுபடி மறுபடி அல்சர். அந்தக் கட்டிகள் சுரந்தது கேஸ்ட்ரினை என்று பின்னர் தெரிந்தது.

என் மாணவிக்கு நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: செட்ரிசின் எச்-1 பூட்டுக்கு வெட்டிய சாவி, பாரைட்டல் செல்லில் இருப்பது எச்-2 பூட்டு. இதற்குப் பிறகு மூளையில் எச்-3, வெள்ளணுக்களில் எச்-4 என்று இன்னும் இரண்டும் கண்டுபிடித்துவிட்டார்கள். அவள் விடவில்லை. "அப்ப ஃபாமோடிடின் குடுத்தா ஆசிட் முழுசா நின்னுடுமா?" நிற்காது. ஃபாமோடிடின் அடைப்பது எச்-2 கதவை மட்டும், எம்-3 கதவு திறந்தே இருக்கிறது. அதனால்தான் எச்-2 மருந்துகள் இரவு நேரச் சுரப்பை நன்றாக அடக்குகின்றன, சாப்பாட்டு நேரச் சுரப்பிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. தொடர்ந்து சாப்பிட்டால் சில நாட்களிலேயே வீரியமும் குறையும். 1980-களின் முடிவில் வந்த ஓமெப்ரசோலும் அதன் தம்பிகளும் கதவுகளை விட்டுவிட்டு, கடைசியில் இருக்கும் பம்பையே அடைக்கின்றன. அதனால்தான் அவை முந்திக்கொண்டன.

நிறுத்தும்போது வரும் எரிச்சல்

இந்தத் தொடர்கண்ணி பாடப்புத்தகத்தோடு நிற்பதில்லை. என் சித்தி ஒருவர், முழங்கால் வலி மாத்திரைக்குத் துணையாக எழுதிக்கொடுத்த, ஓமெப்ரசோல் வகையைச் சேர்ந்த பான்டோப்ரசோலை, வலி மாத்திரை நின்ற பிறகும் இரண்டு வருஷம் காலையில் எழுந்ததும் விழுங்கிக்கொண்டிருந்தார். "தேவையில்லாம எதுக்குச் சாப்பிடணும்" என்று ஒரு நாள் தானாகவே நிறுத்திவிட்டார். நாலாம் நாள் போன் வந்தது. "நெஞ்செல்லாம் பத்திக்கிட்டு எரியுதுடி. பழைய நோவு திரும்பிடுச்சு போல."

அவருக்குப் பழைய நோவு என்று ஒன்று இருந்ததே இல்லை. நடந்தது இதுதான். பம்பை அடைத்ததால் இரண்டு வருஷமாக ஆன்ட்ரத்தில் அமிலம் குறைவு. டி செல்லின் கடிவாளம் தளர்ந்தது. கேஸ்ட்ரின் ஏறியது. ஏறிய கேஸ்ட்ரின் ஈசிஎல் செல்களைத் தூண்டித் தூண்டிப் பெருக்கியது. களஞ்சியத்தில் ஹிஸ்டமின் நிறைந்திருந்தது. பம்ப் அடைபட்டிருந்தவரை அதன் குரல் வெளியே கேட்கவில்லை. மாத்திரை நின்றதும் கேட்டுவிட்டது.

இது வெறும் ஊகம் அல்ல. 2009-ல் டென்மார்க்கில், வயிற்றுத் தொல்லையே இல்லாத 120 பேரை எடுத்து, ஒரு பாதிக்கு எட்டு வாரம் அதே வகை மருந்தான எசோமெப்ரசோலும் பிறகு நாலு வாரம் வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். மறுபாதிக்குப் பன்னிரண்டு வாரமும் வெற்று மாத்திரை. கடைசி நாலு வாரத்தில், மருந்து சாப்பிட்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு எரிச்சல், எதுக்களிப்பு போன்ற தொல்லைகள் வந்தன. மறுபாதியில் 15 சதவீதம்.

சித்தி தன் மருத்துவரிடம் போனார். அவர் அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, சில வாரங்களில் நிறுத்தவைத்தார். இடையில் எரிந்த இரவுகளுக்கு ஃபாமோடிடின். பெருகிய ஈசிஎல் செல்கள் பழைய அளவுக்குத் திரும்ப வாரங்கள் ஆகும், அதுவரை அவை விடுவிக்கும் ஹிஸ்டமினை எச்-2 கதவில் நிறுத்துவதுதான் கணக்கு. எல்லாரும் இதைப் பார்த்துத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள், ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையோ சாப்பிடுபவர்கள், மூட்டுவலி மாத்திரையைத் தொடர்பவர்கள் ஆகியோருக்கு அந்தப் பம்ப் அடைப்பு காவல். அவர்கள் எழுதிக்கொடுத்தவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட விடக் கூடாது.